மாணவர் தலைமையும் தரையில் இருந்த பிள்ளையும்

மாணவர் தலைவன் ஒருவனை எதனைக் கொண்டு மதிப்பிடுவது? அவன் பட்ட அடியைக் கொண்டா, இருந்த சிறையைக் கொண்டா, திரட்டிய கூட்டத்தைக் கொண்டா? நமது பொது மேடைகளில் இக்கேள்விக்கு ஆயத்தமான விடையொன்று உண்டு. தியாகம் செய்தவன் தலைவன். தலைவன் கேட்டது நியாயம். இவ்வாறு முடிவு கட்டிவிட்டு மாலை சூட்டப் புறப்பட்டுவிடுகிறோம். ஆனால் இம்முடிவில் ஒரு தருக்கப் பிழை ஒளிந்து கிடக்கிறது. துணிவு வேறு, நீதி வேறு. நெஞ்சுரம் மிக்கவன் தன் கூட்டத்தாரின் சலுகையைக் காப்பதற்காகவும் அடிபடக்கூடும். அவன் சிந்திய குருதி உண்மையானதே. எனினும் அவன் கோரிக்கை நியாயமானதென்பதை அக்குருதி நிறுவிவிடாது. கோரிக்கையைத் தனியே எடுத்து, அதற்குரிய அளவுகோலால் அளந்தே பார்க்க வேண்டும்.

கல்விக்காக நிகழும் போராட்டங்களில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையடைகிறது. கல்விக்காகப் போராடும் மாணவன் ஏற்கெனவே கல்விக்கூடத்தின் உள்ளே இருப்பவன். வெளியே நிற்பவனோ மாணவன் என்ற பெயரையே பெறாதவன். அவனுக்குச் சங்கமில்லை, கொடியில்லை, பத்திரிகையில்லை. அவனைத் தலைவனாகத் தேர்ந்தெடுப்பாரும் எவருமில்லை. ஆகவே மாணவர் தலைமை என்பது தோன்றும்போதே ஒரு முரண்பாட்டைச் சுமந்துகொண்டுதான் தோன்றுகிறது. உள்ளே இருப்பவன், உள்ளே வர இயலாதவனுக்காகப் பேச வேண்டும். பேசாவிட்டால் அவனுடைய போராட்டம் எத்துணை வீரம் செறிந்ததாயினும், இருப்பவர்கள் தமக்குள் நடத்தும் பங்குச் சண்டையாகவே முடியும். இந்த முரண்பாட்டை நமது யாழ்ப்பாணக் குடாநாடு எவ்வாறு எதிர்கொண்டது என்பதை ஆராய்வதே நமது நோக்கம்.

*

1924ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் தோன்றிற்று. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் இளம் ஆசிரியராயிருந்த ஹண்டி பேரின்பநாயகம் அதன் உயிர்நாடியாக விளங்கினார். 1899இல் பிறந்த அவருக்கு அப்போது வயது இருபத்தைந்து. பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்ற அவ்வியக்கம் முழுச் சுதந்திரம் கேட்டது. தமிழும் சிங்களமும் கற்பிக்கப்பட வேண்டுமென்றது. தாய்மொழியே கல்வியின் ஊடகமாக வேண்டுமென்றது. தீண்டாமை ஒழிய வேண்டுமென்றது. 1927இல் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தபோது அந்த அழைப்பின் பின்னால் நின்றவர்களும் இவ்விளைஞர்களே.

இக்கோரிக்கைகளுள் சுதந்திரம் கேட்பது எளிது. வெள்ளைக்காரன் வேறொருவன், அவனை எதிர்த்தால் வீட்டில் எவரும் முகம் சுளிக்கமாட்டார். தாய்மொழி கேட்பதும் ஓரளவுக்கு எளிதே. ஆனால் தீண்டாமை ஒழிய வேண்டும் என்பவன் தன் தந்தையோடும் தாய்மாமனோடும் கோயில் தர்மகர்த்தாவோடும் மோத வேண்டும். அன்றைய பாடசாலைகளின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த பிள்ளைகள் பல பாடசாலைகளில் சேர்க்கப்படவேயில்லை. சேர்க்கப்பட்ட இடங்களிலும் அவர்கள் வாங்கில் இருக்க முடியாது. தரையில் இருந்தார்கள், சில இடங்களில் மண்டபத்துக்கு வெளியே திண்ணையில் இருந்தார்கள். வரவுப் பதிவேட்டில் அவர்களுடைய பெயர் இருந்தது. ஆசிரியர் சொன்ன பாடம் அவர்கள் காதிலும் விழுந்தது. அரசாங்கப் புள்ளிவிபரத்தில் அவர்கள் மாணாக்கரே. ஆயினும் நாள்தோறும் அவர்கள் கற்ற முதற்பாடம் எண்ணுமன்று எழுத்துமன்று. தாம் தாழ்ந்தவர் என்பதே.

இதனாலேயே சமஆசனம் என்ற கோரிக்கை வெறும் மரப்பலகை பற்றிய வழக்காக இருக்கவில்லை. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், அரசாங்க நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமான ஆசனம் வழங்கப்பட வேண்டுமென்று கல்விப் பகுதி வற்புறுத்தியபோது குடாநாடு கொந்தளித்தது. பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து மறித்தார்கள், மனுக்கள் எழுதினார்கள், சில பாடசாலைகளுக்குத் தீ வைத்தார்கள். கல்வியைக் கண்ணெனப் போற்றுவதாகப் பெருமை பேசிய ஒரு சமுதாயம், பக்கத்து வாங்கில் இன்னொரு பிள்ளை இருப்பதைக் காட்டிலும் பாடசாலை சாம்பலாவதே மேலென்று எண்ணிற்று. இந்தத் தீயை நாம் மறத்தலாகாது. யாழ்ப்பாணத்தின் கல்விப் பெருமையை எழுதுவோர் மிஷன் அச்சுக்கூடங்களையும் நாவலரின் சைவப் பாடசாலைகளையும் எழுதுகிறார்கள். எரிந்த கூரைகளையும் அவற்றோடு சேர்த்தே எழுத வேண்டும்.

வாலிபர் காங்கிரஸ் இவ்விடயத்தில் சரியான பக்கத்தில் நின்றது. அதன் உறுப்பினரிற் பெரும்பாலோர் வாங்கில் இருந்தவர்கள். இருந்தும் தரையில் இருந்தவனுக்காகப் பேசினார்கள். அதுவே அவர்களுடைய உண்மையான பெருமை. ஆனால் சமஆசனம் அவர்கள் இட்ட பிச்சை என்று கருதுவதும் தவறு. ஒடுக்கப்பட்ட மக்கள் 1920களின் பிற்பகுதியிலேயே தமக்கெனச் சங்கம் அமைத்து இயங்கத் தொடங்கிவிட்டார்கள். 1940களில் சிறுபான்மைத் தமிழர் மகாசபை வலுப்பெற்று, பாடசாலைக்காகவும் ஆலயத்துக்காகவும் தேநீர்க் கடைக்காகவும் போராடிற்று. உரிமை கேட்டவர் அவர்கள். துணை நின்றவர் மாணவர் தலைவர்கள். இந்த வரிசையை மாற்றி எழுதுவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம்.

சமஆசனத்தை ஆதரித்த அதே இயக்கத்தின் இன்னொரு முடிவையும் இங்கு நேர்மையோடு நோக்க வேண்டும். 1931இல் டொனமூர் அரசியற்றிட்டத்தின்படி முதலாவது அரசாங்க சபைத் தேர்தல் வந்தது. அத்திட்டம் முழுச் சுதந்திரம் தரவில்லை என்று கூறி வாலிபர் காங்கிரஸ் பகிஷ்காரத்துக்கு அறைகூவிற்று. குடாநாட்டின் நான்கு ஆசனங்கள் வெறுமையாயின. 1934இலேதான் அவை நிரப்பப்பட்டன. கொள்கைத் தூய்மையில் இதற்கு இணையான நிகழ்ச்சி இந்நாட்டு வரலாற்றில் அரிது. ஆனால் அந்தத் தேர்தல்தான் இந்நாட்டின் சர்வசன வாக்குரிமைத் தேர்தல். காணியும் காசும் படிப்பும் இல்லாத ஆணுக்கும் பெண்ணுக்கும் முதன்முதலாக வாக்குக் கிடைத்த தேர்தல். தரையில் இருந்த பிள்ளையின் தாய், தன் வாழ்நாளில் முதன்முறையாக, உயர்சாதிக் கனவான் ஒருவரைத் தன் வாசலுக்கு வந்து வாக்குக் கேட்க வைத்திருக்கக்கூடிய நாள் அது. அந்த நாள் குடாநாட்டில் வரவேயில்லை. பகிஷ்காரத்தைத் தீர்மானித்தவர்கள் அத்தாயிடம் கேட்டார்களா? கல்வி அமைச்சர் சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தமது பணியைத் தொடங்கிய அந்த ஆண்டுகளில், குடாநாட்டுப் பாடசாலைகளுக்காகச் சபையிலே பேச ஒரு பிரதிநிதிதானும் இருக்கவில்லை.

இதனைக் கூறுவது அம்மனிதர்களைச் சிறுமைப்படுத்துவதற்கன்று. நேர்மையானவர்கள், தன்னலமற்றவர்கள், சாதியை எதிர்த்தவர்கள். அவர்களுக்கே கூட, தமது உயர்ந்த இலட்சியத்தின் விலையை வேறொருவர் கொடுக்கிறார் என்பது கண்ணிற் படாமற் போயிற்று. அப்படியாயின் நமக்கு எத்துணை விழிப்பு வேண்டும்!

*

பகிஷ்காரத்தின் பின் வாலிபர் காங்கிரஸ் மெல்ல மெல்லத் தேய்ந்தது. ஆயினும் அதன் மனிதர்கள் கல்வித் துறையை விட்டு விலகவில்லை. கன்னங்கராவின் தலைமையில் அமைந்த கல்வி விசேட குழு 1943இல் தனது அறிக்கையை வெளியிட்டது. 1945 அக்டோபர் 1ஆம் தேதி முதல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதுவரை இருந்த ஏற்பாடு என்ன? சுயபாஷைப் பாடசாலையிற் கட்டணமில்லை. ஆங்கிலப் பாடசாலையிற் கட்டணம் உண்டு. உத்தியோகமோ ஆங்கிலத்துக்கே. ஆகவே கட்டணம் என்பது பாடசாலை வாயிலில் அறவிடப்பட்ட ஒரு வர்க்க வரி. குடாநாட்டின் செல்வந்தரும் கல்லூரி நிர்வாகங்களிற் சிலவும் இலவசக் கல்வியைக் கண்டு தயங்கின. கல்வியின் தரம் தாழ்ந்துவிடும் என்பது அவர்கள் சொன்ன நியாயம். பேரின்பநாயகமும் அவரையொத்த ஆசிரியர்களும் அத்திட்டத்தை ஆதரித்து நின்றார்கள். பின்னர் அவர் 1949 முதல் 1960 வரை கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்தார், 1961இல் அமைந்த தேசிய கல்வி ஆணைக்குழுவிலும் அங்கம் வகித்தார், 1977இல் மறைந்தார். மாணவர் இயக்கத்திற் பேசியதை வகுப்பறையில் வாழ்ந்து காட்டுவதற்கு அவருக்கு ஓர் ஆயுட்காலம் வேண்டியிருந்தது.

தரம் தாழ்ந்துவிடும் என்ற வாதத்தைச் சற்று நின்று கவனிப்போம். சமஆசனத்தின்போதும் இதே வாதந்தான். இலவசக் கல்வியின்போதும் இதே வாதந்தான். எவருடைய தரம்? வெளியே நின்றவன் உள்ளே வரும்போதெல்லாம் உள்ளே இருப்பவனுக்குத் தரம் தாழ்வதாகவே தோன்றும். தன் இடம் சுருங்குவதையே தரம் சரிவதாக அவன் உணர்கிறான். இவ்வுணர்வு பொய்யன்று, ஆனால் அது நியாயமுமன்று.

*

இங்கு நாம் மிகவும் இடர்ப்பாடான ஓர் அத்தியாயத்துக்கு வருகிறோம். 1971ஆம் ஆண்டுக்கான பல்கலைக்கழக அனுமதியின்போது, மருத்துவ பீடத்தில் இடம்பெறச் சிங்கள மொழி மூல மாணவனுக்கு 229 புள்ளிகளும் தமிழ் மொழி மூல மாணவனுக்கு 250 புள்ளிகளும் வேண்டுமென்று வரையறுக்கப்பட்டது. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது; 1974இல் மாவட்டவாரி ஒதுக்கீடு வந்தது. பொன்னுத்துரை சத்தியசீலன் முதலியோரின் தலைமையில் 1970இல் உருவாகிய தமிழ் மாணவர் பேரவை வீதிக்கு இறங்கிற்று. பாடசாலை மாணாக்கர் ஊர்வலம் போனார்கள். தலைவர்கள் சிறை சென்றார்கள்.

மொழியை வைத்துப் புள்ளியை வேறுபடுத்தியது அநீதி. இதில் நமக்கு ஐயமில்லை. ஒருவன் எந்தத் தாயின் மடியிற் பேசக் கற்றான் என்பதைக் கொண்டு அவனுக்கு 21 புள்ளி கூடுதலாக விதிக்கும் அரசு, தன் குடிகளை ஒரே கண்ணால் நோக்கும் அரசன்று. இந்த அநீதியை எதிர்த்த மாணவர்கள் எதிர்த்தது சரியே. எதிர்க்காது விட்டிருந்தால்தான் அது வெட்கக்கேடு. அந்த எதிர்ப்பு பின்னர் எவ்வாறு ஆயுதப் போராக மாறிற்று என்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

ஆனால் மொழிவாரிப் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும் ஒன்றா? மன்னாரிலும் வவுனியாவிலும் அம்பாறையிலும் விஞ்ஞான ஆய்வுகூடமில்லாத, உயர்தர வகுப்பில்லாத பாடசாலைகளிலிருந்து வந்த தமிழ்ப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் மாவட்ட ஒதுக்கீடு ஒரு சிறு கதவைத் திறந்தது. யாழ்ப்பாண மாவட்டத்துக்கு அது கடும் இழப்பு. வன்னியின் பிள்ளைக்கு அது முதல் வாய்ப்பு. நாம் இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தோம். தரப்படுத்தல் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஓர் அநீதியையும் ஒரு குறைபட்ட நியாயத்தையும் சேர்த்துப் பொதிந்து, தமிழினத்துக்கு இழைக்கப்பட்ட கொடுமை என்று முழங்கினோம். மன்னார்ப் பிள்ளையும் தமிழனே என்பது அந்த முழக்கத்தில் மறைந்து போயிற்று.

குடாநாட்டுக்குள்ளேயே இன்னொரு கேள்வியும் கேட்கப்படாமற் கிடந்தது. 250 புள்ளி பெற்ற அந்த மாணவன் யார்? உயர்தர விஞ்ஞான வகுப்பு நடத்திய கல்லூரிகள் எவை? பாடசாலையிற் பட்ட அவமதிப்பினால் இளமையிலேயே படிப்பை விட்டு, முடிதிருத்தும் நிலையத்திலிருந்துகொண்டே 1966இல் ‘மல்லிகை’ சஞ்சிகையைத் தொடங்கிய டொமினிக் ஜீவாவை நாமறிவோம். அவர் பெற்ற புள்ளி என்ன? புள்ளி பெறும் மண்டபத்துக்குள்ளேயே அவர் சென்றதில்லை. ‘மல்லிகை’ வளர்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் பேரவையின் ஊர்வலங்களும் நடந்தன. போட்டியில் வெல்லும் உரிமை வேறு; போட்டிக்கு வந்து சேரும் உரிமை வேறு. முதலாவது உரிமைக்காக நமது மாணவர் தலைவர்கள் உயிரையும் கொடுக்க முன்வந்தார்கள். இரண்டாவது உரிமைக்காக எத்தனை ஊர்வலம் போயிற்று?

தெற்கிலும் இதே குறுகிய வாயிலின் முன்னேதான் நெரிசல். 1971 ஏப்ரலில் கிளர்ந்தெழுந்த சிங்கள இளைஞருட் பலர் படித்தும் தொழிலற்ற கிராமத்துப் பிள்ளைகள். அரசு அந்த வாயிலை அகலமாக்கவில்லை. யார் முந்துவது என்று இரு கூட்டத்தையும் மோதவிட்டது. அறுபது பேருக்கு ஆறு கதிரையை இட்டுவிட்டு, எந்த மொழிக்காரன் எத்தனை கதிரையில் இருக்கலாம் என்று கணக்குப் பார்ப்பது கல்விக் கொள்கையாகாது.

1974இல் யாழ்ப்பாணத்திற் பல்கலைக்கழக வளாகம் தோன்றி, பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதலாவது தலைவரானார். 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பல்கலைக்கழக அனுமதியில் திறமை அடிப்படைக்கு 40 சதவீதமும் மாவட்டங்களுக்கு 55 சதவீதமும் பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 சதவீதமும் என்ற ஏற்பாடு நெடுங்காலமாக வழங்கி வருகிறது. இந்த விகிதங்களைப் பற்றி வாதிடலாம். ஆனால் வாயிலுக்கு வந்து சேராத பிள்ளையைப் பற்றி எந்த விகிதமும் பேசுவதில்லை.

*

பழங்கதையோடு நிறுத்திக்கொள்வது எளிது. நமது வகுப்பறைக்கு வருவோம்.

உயர்தரப் பரீட்சை நெருங்கும் மாதங்களில் எமது வகுப்பறையில் ஆண்டுதோறும் ஒரு காட்சியைக் காண்கிறோம். வாங்குகள் ஒவ்வொன்றாக வெறுமையாகின்றன. பிள்ளைகள் தனியார் கல்வி நிலையங்களுக்குச் சென்றுவிடுகிறார்கள். மாதிரி வினாத்தாளும் பயிற்சி அட்டையும் அங்கே கிடைக்கின்றன. இரண்டு மூன்று பேர் மட்டும் பாடசாலைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் ஒழுங்கு மிக்கவர்கள் என்று வரவுப் பதிவேடு கூறும். உண்மை என்னவெனில் ரியூசனுக்குக் கட்டப் பணமில்லை. ஒருத்தியின் தந்தை கடலுக்குப் போகிறவர். ஒருவனின் தாய் போருக்குப் பின் தனித்து நின்று தோட்டக் கூலி செய்கிறவர். அன்று வாங்கெல்லாம் நிறைந்திருந்தது; ஏழைப் பிள்ளை தரையில் இருந்தது. இன்று வாங்கெல்லாம் அந்தப் பிள்ளைக்கே. பாடமோ வேறிடத்துக்குப் போய்விட்டது. சமஆசனம் கிடைத்துவிட்டதென்று எண்ணிக்கொண்டிருந்த வேளையில், ஆசனத்தை விட்டுவிட்டுக் கல்வியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

யார் போனார்கள்? இங்கு நாம் நம்மையும் கூண்டில் ஏற்ற வேண்டும். மாலையில் அந்தக் கல்வி நிலையங்களிற் கற்பிப்பவர்களிற் பலர் காலையிற் பாடசாலையிற் கற்பிக்கும் நாமேதான். சம்பளம் போதாது என்பது மெய். வீட்டுச் செலவு ஏறியதும் மெய். ஆயினும் காலையில் அரைகுறையாகச் சொன்னதை மாலையில் முழுமையாகச் சொல்லிப் பணம் பெறுவோர் நம்மிடையே இல்லையென்று எந்த ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து சொல்ல முடியும்? ஏழைக் குழந்தையைத் தெரிந்தெடுத்து மத்திய கல்லூரியிற் சேர்ப்பதற்கென 1940களில் உருவான புலமைப்பரிசில் ஏற்பாடு, இன்று பத்து வயதுப் பிள்ளையை விடியற்காலையில் எழுப்பி ரியூசனுக்கு அனுப்பும் பந்தயமாகிவிட்டது. இலவசக் கல்விச் சட்டத்தை எவரும் நீக்கவில்லை. அதன் உள்ளீடு மட்டும் ஒழுகிப் போய்க்கொண்டிருக்கிறது.

2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மூன்று மாதங்களுக்கு மேலாகப் பணிநிறுத்தம் செய்து, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்குமாறு கேட்டார்கள். சம்பளம் கேட்கப் புறப்பட்டவர்கள் நாட்டின் எல்லாப் பிள்ளைகளின் பாடசாலையையும் சேர்த்துக் கேட்டார்கள். அதனாலேயே அது தொழிற்சங்கக் கோரிக்கை என்ற எல்லையைக் கடந்து, மக்கட் கோரிக்கை ஆயிற்று. வாயிலை அகலமாக்கு என்பதே அதன் பொருள்.

வெளிநாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. சிலி நாட்டில் 2006இல் பாடசாலை மாணாக்கர் கிளர்ந்தெழுந்தார்கள்; அவர்கள் அணிந்த சீருடையைக் கொண்டு மக்கள் அவர்களைப் பெங்குவின்கள் என்றழைத்தார்கள். 2011இல் பல்கலைக்கழக மாணவர்கள் கமிலா வயேகோ முதலியோரின் தலைமையில் மீண்டும் எழுந்தார்கள். உள்ளே கட்டணம் செலுத்திக்கொண்டிருந்த அவர்கள், கட்டணத்தைச் சற்றுக் குறையுங்கள் என்று கேட்டிருக்கலாம். கல்வி எவருக்கும் விற்பனைச் சரக்காகலாகாது என்றே கேட்டார்கள். 2016 முதல் வறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாப் பல்கலைக்கழகக் கல்வி தொடங்கிற்று. அம்மாணவர் தலைவர்களுள் ஒருவரான கப்ரியேல் போரிக் 2022இல் நாட்டின் சனாதிபதியாகவும் பதவியேற்றார். பதவி பெற்றது அவர்களுடைய வெற்றியன்று. வந்து சேர முடியாத பிள்ளை வந்து சேர்ந்ததே வெற்றி.

*

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்குத் திரும்புவோம். மாணவர் தலைவன் ஒருவனை எதனைக் கொண்டு மதிப்பிடுவது? அவன் கோரிக்கை நிறைவேறினால், இதுவரை வகுப்பறைக்கு வெளியே நின்ற எவனாவது உள்ளே வருவானா என்பதைக் கொண்டே மதிப்பிட வேண்டும். உள்ளே இருப்பவனின் இடம் உறுதிப்படுவது மட்டுந்தான் அதன் பயனென்றால், அக்கோரிக்கை நியாயமானதாகவுங்கூட இருக்கலாம்; ஆனால் அது முழுமையான நீதியன்று.

இந்த அளவுகோலை அநீதிக்கு உள்ளானவன் மீது சுமத்துவது கொடுமையல்லவா என்று கேட்கலாம். அடிபடுபவன் முதலில் தன் அடியைத் தடுத்துக்கொள்ள வேண்டாமா? வேண்டும். 1971இன் மாணவனிடம், முதலில் உன் கிராமத்துச் சாதியை ஒழித்துவிட்டு வா, பிறகு அரசை எதிர்க்கலாம் என்று சொல்பவன் அரசின் கையாளாகவே இருப்பான். இரண்டையும் வரிசையிற் செய்யச் சொல்லவில்லை. ஒருங்கே செய்யச் சொல்கிறோம். தன் மீது விழுந்த அநீதியைக் கண்டவனுக்கு அநீதியின் முகம் தெரியும். அந்த முகத்தைத் தன் வீட்டிலும் அடையாளம் காண்பதற்கு அவனைவிடத் தகுதியுடையவன் யார்? கொழும்பு நமக்குச் செய்ததை நாம் மன்னாருக்கும் மலையகத்துக்கும் நமது ஊரின் ஒதுக்குப்புறத்துக்கும் செய்யலாகாது. 1945இன் இலவசக் கல்வி தோட்டத்துப் பிள்ளையை எட்டவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்பது எழுபதுகளிலேதான் தொடங்கிற்று. அந்த இடைப்பட்ட கால் நூற்றாண்டில் அப்பிள்ளைக்காக யாழ்ப்பாணத்தில் எத்தனை பேர் வீதிக்கு இறங்கினார்கள் என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாணவ நண்பர்களே! நாளை நீங்கள் கொடி பிடிப்பீர்கள், பிடிக்கத்தான் வேண்டும். உங்கள் தீர்மானங்களை எழுதும் இரவில், எழுதி முடித்ததும் ஒருமுறை வகுப்பறையைச் சுற்றிப் பாருங்கள். யார் இல்லை என்று எண்ணுங்கள். சாதாரண தரத்தோடு நின்றவன், ரியூசனுக்குப் பணமின்றி நின்றவள், தோட்டத்துக்கும் கடலுக்கும் போனவன் ஆகியோரின் பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் தீர்மானத்தில் அவர்களுக்கு ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஆசிரியத் தோழர்களே! அந்தப் பெயர்கள் நமது வரவுப் பதிவேட்டில் இருக்கின்றன. நாளைக் காலை, வெறுமையான வாங்குகளுக்கு முன்னே இருக்கும் அந்த இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு முழுப் பாடத்தையும் கற்பிப்பதிலிருந்து நாம் தொடங்கலாம்.